விரியாத கத்தி

ஐப்பசி, வெள்ளி இரவு.

காலையில் முத்துப்பேட்டை முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டபோது, கயிறு அக்கா வீட்டுக்காரர் காலில் சுற்றி ஆளையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகில் நாங்கள் இரண்டு பேர்தான்.

துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த மடக்குக் கத்தியோடு குதித்தேன். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் போதும், மீதியை ஸ்பிரிங்கே விரித்துவிடும். இன்று விரியவில்லை. உப்பில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. விரல் வழுக்கியது, நகம் பிய்ந்தது. என் சட்டையைப் பிடித்திருந்த மச்சானின் கை தளர்ந்தது. கத்தியின் முதுகைப் பல்லால் கடித்து இழுத்தேன். உதட்டைக் கிழித்துக்கொண்டு விரிந்தது. கயிற்றை அறுத்தேன்.

படகில் ஏற்றி நெஞ்சை அழுத்தியதும் தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்தது. கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டாள், "கத்தி கையிலதானேடா இருந்துச்சு?"

"தொறக்கலக்கா."

என் வாயில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

ராத்திரி ஒருத்தர்தான் கூட இருக்கலாம் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். விடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியுமாம். ஃபோன் தலைமாட்டில் இருக்கிறது. அடித்துவிடக் கூடாது, சாமி.