மிச்சம் பிடித்த மாத்திரைகள்

திங்கள். விடிந்ததிலிருந்து மழை.

முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு இன்றுதான் நானே கைலி கட்டினேன். இமயமலை ஏறியவனுக்குக்கூட இவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது. உள்ளே வைத்தது உலோகமா, புக்கிட் மேரா பேருந்து நிலையமா? அத்தனை கனம்.

மருத்துவமனை நர்ஸ் போன். கடும் வலி மாத்திரையை இனிக் குறைக்க வேண்டுமாம். அபின் வம்சத்து வாரிசு அது. நான் வைத்த பெயர் பெரியவர். இனிமேல் நேரத்துக்குப் பாராசிட்டமால், ஐஸ், நடை. தாங்கவே முடியாவிட்டால்தான் பெரியவர். சிங்கத்துக்குக் கீரைச் சோறு.

வாங்க வேண்டியவை: பப்பாளி (வெளிக்குப் போய் யுகமாகிறது, பெரியவர் உபயம்), ஐஸ் பை, கொத்தமல்லி.

செவ்வாய். கொளுத்தும் வெயில்.

பெரியவர் இல்லாத முதல் பகல். சரோஜா லிஃப்ட் வரையாவது நடக்கச் சொன்னாள். கால் அரசாணையை ஏற்க மறுக்கிறது என்றேன். சிரிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து இதே நகைச்சுவை, பாவம்.

பெரியவர் இருந்தால் தூக்கம், இல்லாவிட்டால் வலி. இரண்டிலும் நான் இல்லை. செய்தித்தாளில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

புதன். மேகமூட்டம்.

இன்றும் பெரியவரைத் தொடவில்லை. அலமாரியில் மிச்சம் சேர்கிறது. என் வீரத்துக்குப் பரணி பாட ஆள் தேவை.

பின்னறையில் குடியிருக்கும் செல்வத்துக்குப் பல்வலி. புதுக்கோட்டைப் பையன், கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறான். கன்னம் இட்லியாக வீங்கியிருக்கிறது. பல் டாக்டர் சனிக்கிழமைதான். வள்ளலாகிவிட்டேன். பெரியவர் இரண்டு பேரை எடுத்து அவன் கையில் வைத்து, காலையில் பசியாறும்போது போட்டுக்கொள்ளச் சொன்னேன். கும்பிட்டான். சரோஜாவுக்குத் தெரியாது.

வியாழன். தூறல்.

சரோஜா தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். செல்வம் பசியாறி, இரண்டையும் போட்டு, குளித்துக் கிளம்பினான். கையசைத்து உட்கார்ந்த பிறகுதான், மாத்திரை தந்த அன்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது: இதைப் போட்டால் வண்டி ஓட்டக்கூடாது, இயந்திரம் தொடக்கூடாது.

அவன் தொடுவது கிரேன். கீழே ஆட்கள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. இல்லை. கம்பெனி வேன் வருவது எதிர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு. வாக்கரைப் பிடித்தேன். லிஃப்ட். புளோக்கின் கீழ்த்தள வாய்டெக். சாலை. இதில் மிகைப்படுத்த எதுவுமில்லை. வலித்தது.

பெஞ்சில் செல்வம். மடியில் சாப்பாட்டுப் பை, தலை தொங்கிக் கிடந்தது. வேன் இன்னும் வரவில்லை. உலுக்கினேன்.

"வலியே இல்ல அங்கிள். சூப்பர் மருந்து."

"இன்னிக்கு நீ கிரேன் ஏறக்கூடாது."

"சூப்பர்வைசர் திட்டுவாரு."

"என்னைத் திட்டட்டும். போனைக் குடு."

யார் மாத்திரை, யார் கொடுத்தது, எல்லாம் சொன்னேன். சூப்பர்வைசர் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க லா." வேன் வந்தது, அவனில்லாமல் போனது.

வீட்டிலிருந்து மருத்துவமனை மருந்தகத்துக்குப் போன். அந்தப் பெண் திட்டவில்லை. அது இன்னும் மோசம். தனியாக விடாதீர்கள், மூச்சைப் பாருங்கள், எழுப்பியும் எழவில்லை அல்லது மூச்சு குறைகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுங்கள். யாருக்கும் தானம் வேண்டாம்.

சரோஜா வந்ததும் ஒப்பித்தேன். மிச்ச மாத்திரையை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டினாள். என் முழங்காலைப் பார்த்தாள். பலாப்பழமாக வீங்கியிருந்தது. கட்டிய பையை அவிழ்த்தாள்.

"தாங்க முடியலைன்னா சொல்லுங்க. ஒண்ணு தரேன்."

"ஐஸ் குடு போதும்."

செல்வம் தூங்குகிறான். வாக்கரோடு போய், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து வந்தேன். மறுபடி போனேன். மறுபடி.

"தூங்க விடுங்க அங்கிள்," என்கிறான் கண்ணைத் திறக்காமல்.

பதில் வருகிறது. நல்லது. ஐஸ் உருகிவிட்டது. இன்னொரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.