ஆபீஸ் விளக்கு அணையும்வரை

அம்மா, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். பொறாமையையும் சேர்த்துத்தான்.

நீ இறந்துபோனபிறகு முதல்முறையாக, ஞாயிற்றுக்கிழமை ரேகா அக்கா நம் லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்திருந்தாள். உன் ஃபிளாஸ்கின் சின்ன கப்பைத் திருப்பிக் கொடுத்தாள். "மேடம் இதை எனக்குன்னே வெச்சிருந்தாங்க" என்று அப்பா முன்னால் அழுதாள். நான் அழவில்லை. அவள் போனதும் கப்பை மோந்து பார்த்தேன். கழுவியும் காப்பி வாசனை போகவில்லை. எனக்கு ஒருநாளும் நீ அதில் ஊற்றித் தந்ததில்லை. "சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி காப்பி?" என்பாய்.

கம்பெனிகள் புது மென்பொருள் வாங்கும். ஆட்கள் அதை நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துச் சொல்வது உன் வேலை. மேனேஜர்கள் திரையைக் காட்டுவார்கள். நீயோ சாயங்காலத்துக்குக் காத்திருப்பாய். "எல்லாரும் கிளம்பினப்புறம் எந்த விளக்கு எரியுதுன்னு பாக்கணும்" என்பாய்.

பீன்யாவில் ஒரு உதிரிபாகக் கிடங்கில் எரிந்தது ரேகா அக்காவின் விளக்கு. விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாய். பகல் முழுக்க எல்லோரும் பழையபடி துண்டுச் சீட்டில்தான் எழுதினார்கள். சாயங்காலம் சீட்டெல்லாம் அவள் மேசைக்கு வந்தது. ஒருத்தியே உட்கார்ந்து சிஸ்டத்தில் ஏற்றினாள்; நீ பக்கத்தில் உட்கார்ந்து சின்ன கப்பில் அவளுக்குக் காப்பி ஊற்றித் தந்தாய். மறுநாள் திரையைப் பார்த்தால், எல்லோருமே பயன்படுத்தியதுபோல் இருக்கும்.

"தங்கவயல் ட்ரெயின் போயிடுச்சா?" என்று அவளைக் கேட்டாய். அவள் வீடு தங்கவயலில்.

"அது தினமும் போவுது மேடம். நான்தான் போகல."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

'இங்கே புது முறைக்கு மாறியிருப்பது ஒரே ஒருத்தி' என்று அறிக்கை கொடுத்தாய். சீட்டை நிறுத்தினார்கள். ரேகா அக்கா வேளைக்கு வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். சின்ன கப்பை அவளிடமே விட்டுவிட்டு நீ அடுத்த ஆபீசுக்குப் போனாய். நான் நம் வீட்டு ஜன்னலில் உனக்காக நின்றேன்.

எங்கள் பள்ளிக்கும் இப்போது புது செயலி வந்திருக்கிறது. "எல்லா டீச்சரும் மாறிட்டாங்க" என்று பிரேயரில் தலைமையாசிரியை சொன்னார். இன்று நூலகத்திலிருந்து வரும்போது பள்ளி அலுவலகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே கிளார்க் மேரி மிஸ், எல்லா வகுப்பின் வருகைச் சீட்டுகளோடு. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மனெ இல்வா நிங்கெ?" என்று, எனக்கு வீடே இல்லையா எனக் கன்னடத்தில் அதட்டிவிட்டு, "வீட்ல தேடுவாங்கடி, போ" என்றார்.

"தேடட்டும் மிஸ்" என்றேன்.

அப்பா காலையில் போட்டுத் தந்த காப்பி உன் ஃபிளாஸ்கில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. சின்ன கப்பில் ஊற்றி அவரிடம் நீட்டினேன். பெரிய மூடி எப்போதும் உன்னுடையது. அதில் நான் குடித்தேன்.

நான் பெயர்களை வாசிக்கிறேன், அவர் ஏற்றுகிறார். இடையிடையே இதை எழுதுகிறேன். இப்படி ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போக மனம் வரவில்லை. உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அதற்காக ரேகா அக்கா மேல் உள்ள பொறாமை குறையவில்லை. உன் சாயங்காலங்கள் அவளிடம் இருக்கின்றன. என்னிடம் இந்த மூடிதான் இருக்கிறது.

கடைசிச் சீட்டும் முடிந்தது. மேரி மிஸ் பையை எடுத்துக்கொண்டு விளக்குகளை அணைக்கப் போகிறார்.