டிஸ்க்கில் மூன்று கோட் வெள்ளி

மார்ச் 4, திங்கள்
வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. எங்கள் லாரி எஃப்.சி.க்கு, தகுதிச் சான்று வாங்க, நிற்கிறது. வாசல் முழுக்க பெயின்ட் நாற்றம். சக்கரங்களைக் கழற்றி, நடுவிலுள்ள இரும்பு டிஸ்க்கின் இரண்டு பக்கமும் வெள்ளிப் பெயின்ட். மூன்று கோட். வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "வண்டி புதுப்பொண்ணாட்டம் இருக்குது பாரு, வளரு."
கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். மறந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்
பிளஸ் ஒன் 'பி' வகுப்பு. உராய்வுப் பாடம். மைப் பேடில் கட்டைவிரலை அழுத்தித் தாளில் வைக்கச் சொன்னேன். ரேகையின் மேடு மட்டும்தான் ஒட்டியது. இரும்பும் அப்படியே. வழுவழுவென்று தெரிந்தாலும் சில மேடுகள்தான் தொடும். இறுக்க இறுக்கத்தான் தொடும் பரப்பு கூடும்.
கடைசி பெஞ்ச்: "அப்ப நாங்க பெஞ்சுல முழுசா உக்காரவே இல்லீங்களா மிஸ்?" சிரித்துவிட்டேன்.
மாலை சக்கரம் மாட்டினார்கள். பின்னால் ஜோடிச் சக்கரம், டிஸ்க்கோடு டிஸ்க் ஒட்டி நிற்கும். பெயின்ட் மேல் பெயின்ட். இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. பிரேக் சூட்டில் பெயின்ட் இளகி நசுங்கினால் நட்டின் பிடி போய்விடும். சொன்னேன்.
"ஸ்பானர்ல பைப்பு போட்டு முறுக்கியாச்சு. பள்ளிக்கூடத்த ஊட்டுக்குள்ள கொண்டாராத."
உர்ரென்று இருக்கிறார். நானும்தான்.

மார்ச் 7, வியாழன்
எஃப்.சி. நேற்றே முடிந்தது. காலையில் முட்டை லோடு, கேரளா. 'போயிட்டு வாரேன்' கூட இல்லை.
மதியம் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். விடைத்தாள் திருத்த உட்கார்ந்து ஒரே தாளுக்கு இரண்டு முறை மார்க் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. சக்கரம் கழன்று ஓடினால் இவர் இல்லை.
மெசேஜ் அனுப்பினேன்: "சண்டைய ஊட்டுக்கு வந்து போடுங்க. இப்ப நிறுத்தி, பின்சக்கர நட்ட ஒருக்கா தொட்டுப் பாருங்க."
இருட்டும் நேரம் அழைத்தார். பின்னால் லாரி இரைச்சல். "டீக்கடையில நிக்கறேன்." பிறகு: "எடப்பக்கம் நாலு நட்டு கையிலயே சுத்துது, வளரு."

மார்ச் 9, சனி
முறுக்கிவிட்டு மெதுவாகப் போய், லோடு இறக்கி, நேற்று வந்துவிட்டார். கேஸ் வந்தது. காலையிலிருந்து சக்கரங்களைக் கழற்றிப் போட்டு, வாசலில் உட்கார்ந்து டிஸ்க்குகள் ஒன்றோடொன்று படும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டுகிறார்.
பெயின்டர் வந்தார். "ஏனுங்கண்ணா, மூணு கோட்டுங்க! அதப் போயி சுரண்டறீங்க?"
"வெளிய நீ எத்தன கோட்டு வேணும்னாலும் அடி. உள்ள இரும்பு இரும்பத் தொடோணும்."
என் வாக்கியம். என் பக்கம் திரும்பவே இல்லை மனுசன்.
காபி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கும்போது என் விரலைச் சேர்த்துப் பிடித்தார், வெள்ளித்தூள் கையோடு. என் கட்டைவிரலில் ரேகையின் மேடுகளில் மட்டும் ஒட்டியிருக்கிறது. இன்னும் கழுவவில்லை.