முன்னால் நிற்க ஓர் ஆண்

என் வீட்டுக்காரருக்கு சுகன்யா எழுதுவது.

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பெண்களுக்கு பஸ் இலவசம் என்று அறிவித்த அன்று இங்கே பீன்யாவில் எங்கள் கம்பெனியில் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டோம். இப்போது ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ் நிற்பதே இல்லை. நேற்று மூன்று பஸ் அப்படியே போய்விட்டது. கடைசியில் டீக்கடை கிருஷ்ணப்பாவிடம், "அண்ணா, ஸ்வல்ப முன்னால வந்து நில்லுங்க" என்று அரைகுறைக் கன்னடம் கலந்து கெஞ்சினோம். அவர் கை காட்டியதும் நின்றது. நாங்கள் ஏறியதும், "எல்லாம் ஓசி கிராக்கியா?" என்று டிரைவர் ஜன்னல் வழியே காறித் துப்பினான். சட்டம் எங்களுக்காம், பஸ் மட்டும் ஆம்பளை கைக்குத்தான் நிற்குமாம். த்தூ!

உங்கள் பழைய நீலச் சட்டையை அனுப்புங்கள். மாட்டிக்கொண்டு நானே முன்னால் நிற்கிறேன்.

சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன். சட்டையைத் துவைக்காமலே அனுப்புங்கள்.

சுகன்யா