வெட்டி எடுத்த இரண்டு அடி

வாசலூர்பட்டி
ஆடி 22

அன்பு மகன் தமிழ்செல்வனுக்கு அம்மா சென்னம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி கலைச்செல்வியும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் மாடு கன்றும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். பம்பாயில் நீயும் மருமகளும் பேத்தியும் அதே மாதிரி இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் எல்லாரும் என்று எழுத முடியாமல் ஒரு ஆள் குறைந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், பிழை இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா என்கிறாய், அது ஒன்று. இன்னொன்று, போனில் சொன்னால் அதையும் பிடித்து வைத்துத் தாளம் கட்டிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கலைச்செல்வி குழந்தையின் நோட்டில் நாலு தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மேல்காட்டில் குச்சிக்கிழங்கைப் பாதிக்குமேல் காட்டுப்பன்றி நோண்டிவிட்டது, மாப்பிள்ளை பழைய சேலையெல்லாம் சுற்றிக் கட்டியிருக்கிறார், பன்றி அதற்கு எங்கே பயப்படுகிறது. தையில் மிளகு பறிக்க ஆள் கிடைக்கவில்லை. உங்கள் அப்பா இருந்தவரைக்கும் ஆள் தேடினதே இல்லை, மரத்தில் ஏணியைச் சாய்த்தால் உச்சிக்குப் போய்த்தான் நிற்பார். மாப்பிள்ளைக்கு நாலு படிக்கு மேலே ஏறினால் தலை சுற்றுகிறது. பாவம், அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் ஏறி ஏறி இறங்கினார். கைக்கு எட்டினதைப் பறித்தோம், மீதியைக் குருவி தின்றது. கலைச்செல்வி சோளக்காடு சந்தையில் பழக்கடை போட்டுக்கொண்டு இருக்கிறாள் அல்லவா, கூட்ட நாளில் நானும் போய் உட்காருகிறேன். வீட்டிலேயே இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறேன் என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். அங்கே போனதால்தான் எனக்கு இந்த விஷயம் தெரிய வந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு மலை முழுக்க வண்டி. நான் கொய்யாப்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது, பிள்ளைகள் பத்துப் பேர் இறங்கினார்கள், வேன் கதவைத் திறந்து வைத்துப் பாட்டைப் பெரிதாகப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். டம் டம் என்று கொட்டு, நடுவில் ஒரு பொம்பிளை குரல். முதலில் எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. யாரோ நம் பக்கத்துப் பொம்பிளை நல்ல குரலாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். பிறகு, மொளகுக்கொடி காச்சிருக்கு முழிச்சு ஒருக்கா பாருங்க சாமி என்று வந்தது. கையில் இருந்த தராசைக் கீழே வைத்துவிட்டேன். அது நான். உங்கள் அப்பாவைக் கிடத்தியிருந்த அன்றைக்கு அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நான் அழுதது. அதில் ஒரு பெண் என்னிடம் வந்து, பாட்டி அரைக் கிலோ குடுங்க, செம பாட்டு பாட்டி இது, அழுகாச்சியா வருது ஆனா ஆடாம இருக்க முடியல, நீங்களும் வாங்க ஆடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தது. நல்ல பெண்தான், சிரித்த முகம். அந்தப் பாட்டு பாடினவள் நான்தான் கண்ணு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன கேட்கும், சூப்பர் பாட்டி ஒரு செல்பி என்று கேட்கும். பழத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கலைச்செல்வி ஓடி வந்து, ஏனுங்கம்மா, மயக்கமா என்று கேட்டாள். அவளுக்கு முன்னாலேயே தெரியுமாம். சித்திரையில் இருந்து தெரியுமாம். உங்களுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவீங்கன்னுதான் சொல்லுலீங்கம்மா, அண்ணன் கிட்டயும் சண்டை போட்டுட்டேன் என்றாள். ஆக நான் ஒருத்திதான் என் அழுகையைக் கேட்காதவள்.

நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன் தமிழு. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் சாவுக்கு வர முடியாதவர்களுக்குப் போனில் முகத்தைக் காட்டுகிறார்கள், பூபதியின் அப்பன் செத்தபோது துபாயில் இருந்த பூபதி அப்படித்தான் பார்த்தான். பேத்திக்குப் பரீட்சை என்று மருமகள் வரவில்லை, சரி பேத்தி தாத்தா முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த சாமியாத்தாள் அத்தையைத் தோளைத் தட்டி நகரச் சொன்னேன், அத்தே கொஞ்சம் தள்ளுங்க பாப்பா பாக்கறா என்றேன். குழந்தைக்குக் கேட்கட்டும் என்று என் அழுகையை இன்னும் உரக்கவும் சொன்னேன். உனக்கு இடம் விட்டுக் கொடுத்தவளே நான்தான். அதை நினைத்தால்தான் ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்து ஸ்டீபன் சாரைப் பிடித்து முழுசாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். மார்த்தாண்டத்துக்காரர், நல்ல மனுஷன், உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். உங்க பையன் கம்பெனிய எங்க கிளாஸ்லகூடச் சொல்லுவேன்மா, மலையில பொறந்து பம்பாயில நூறு பேருக்கு வேலை குடுக்கிறாரு, அதோட சங்கீதமும் பண்ணுறாரு, ரெண்டும் ஒரு ஆளுக்கு வாய்க்கிறது லேசில்ல என்றார். பிறகு நீ இங்கிலீசில் பேட்டி கொடுத்ததைக் காட்டித் தமிழில் சொன்னார். இது எங்கள் மலையில் வழிவழியாக வந்த பாட்டு, எங்கம்மா எனக்காகப் பாடித் தந்தார் என்று சொல்லியிருக்கிறாயாம். பாட்டுக்குக் கீழேயும் பழைய நாட்டுப் பாட்டு என்றுதான் போட்டிருக்கிறதாம். கண்ணு, எந்த வழியில் வந்தது அது? எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்குக் காலையில் எழுந்து மிளகுக்கொடியைப் பார்த்தேன், பச்சையாகக் காய்த்துத் தொங்கியது, மரத்தில் ஏணி சாய்த்தபடியே நின்றது, பறிக்கிற ஆள் கூடத்தில் கிடந்தார், வாயில் வந்ததைச் சொன்னேன். உனக்காகவும் பாடவில்லை. நீ அப்போது வந்து சேரவே இல்லை. உங்கள் அப்பாவிடம் சொன்னேன். நம் வீடுகளில் ஒருத்தருக்கு அழுத அழுகையை இன்னொரு சாவில்கூட எடுத்துச் சொல்ல மாட்டோம், அது அந்த ஆளோடு போய்விட வேண்டியது. சாவு இல்லாத வீட்டில் வாய்தவறி ஒரு அடி வந்தாலும் பக்கத்தில் இருக்கிற பொம்பிளை வாயைப் பொத்துவாள். இது உனக்குத் தெரியாததா, ஏழு வயதில் நீயே ஒரு தடவை விளையாட்டுக்கு ஒப்பாரி வைத்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாமியாத்தாள் அத்தை பேரன் வீட்டுக் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். ரேடியோ செட்காரர் நம் ஊர்ப் பாட்டு என்று பெருமையாக அதைப் போட்டுவிட்டார். அத்தைக்கு எண்பது வயசு, எழுந்து போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். எவன்டா அவன், காதுகுத்து ஊட்டுல பொணத்துப் பாட்டுப் போடறவன் என்று கத்தினாள். செட்காரர் பயந்துபோய், ஆத்தா கோவிச்சுக்காதீங்க, நம்ம தமிழு போட்ட பாட்டுங்க, முப்பது லட்சம் பேரு கேட்டிருக்காங்க என்றார். முப்பது லட்சம் பேரு ஊட்டுலயும் எழவாடா என்று கேட்டாள் பாரு, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இலையை மூடிவிட்டு வந்துவிட்டேன். குழந்தையின் தாய் என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை, அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மகன் பெரிய ஆள், அம்மா அழுகையை உலகம் கேட்கிறது, ஏதோ அப்படி இருக்கட்டும் என்று மனசைத் தேற்றியிருப்பேன். ஆனால் ஸ்டீபன் சார் போட்டுக் காட்டினபோது நான் காதை வைத்துக் கேட்டேன். ஏணி சாத்தி வச்சிருக்கு எந்திரிச்சு வாங்க சாமி என்று முடிகிறது. உடனே நான் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கிறது. அந்த மூச்சு அடுத்த அடிக்காக இழுத்த மூச்சு. மூச்சை வைத்துக்கொண்டு அடியை எடுத்துவிட்டாய். அந்த இடத்தில் புல்லாங்குழல் வருகிறது. என்ன அடி என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன்.

பஸ்ஸுச் சத்தம் கேக்கையில பாய விட்டு எந்திரிச்சீங்க
பெத்த மவன் வல்லீன்னு பேச்ச விட்டுப் படுத்தீங்களே

இதைத்தானே எடுத்தாய். சாருக்கு நான் அந்த அடியைப் பேச்சாகச் சொல்லிக் காட்டினேன், அவர் முகம் சுண்டிப்போய்விட்டது, தம்பி உங்களைக் கேட்டுட்டுத்தான் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்மா என்றார். உன் கம்பெனியில் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் அப்பா ஒரு தடவை கேட்டதற்கு, பதிவு பண்ணின சத்தத்தில் காற்று, நாய் குரைப்பு, வண்டி ஓசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் சுத்தமாகத் தருகிறோம் என்றாய். அவருக்கு அது அதிசயமாக இருந்தது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உங்கள் அப்பா வண்டி ஓசையைக் கேட்டு எழுந்ததும் உனக்கு அப்படி எடுத்துவிட வேண்டிய ஓசையாகப் போய்விட்டதா?

அந்த அடியில் பொய் ஒன்றும் இல்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள், வீட்டில் ஏழு நாள் படுத்திருந்தார். இந்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மூன்று வெள்ளிக்கிழமை சொன்னாய். ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வெளிநாட்டில் இருந்து ஆள் வந்தார்கள், ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூரில் உன் கச்சேரி. நான் கோபப்பட்டேன், அவர் படவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் பாட்டைப் போனில் போட்டு ஒரு காதில் வைத்துக்கொண்டு, இதுல தமிழு கொரலு எங்க இருக்குது சென்னு என்று என்னைக் கேட்பார். எனக்கு எங்கே தெரியும், வெறும் டிங் டிங் என்றுதான் கேட்டது. நர்சிடம், இது என்ர பையன் போட்டதுங்க சிஸ்டர் என்று சொல்லாத நாள் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு மேலே ரோட்டில் எந்த பஸ் திரும்பினாலும் பாயில் கையை ஊன்றி எழுந்து உட்காருவார். நான் அவரைச் சாய்த்துப் படுக்க வைப்பேன். கடைசி நாள் சாயங்காலம் பஸ் வந்தது, எழுந்திருக்கவில்லை, அதில்தான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் சொன்னேன். உன்னை ஊர் முன்னால் திட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நீ வந்து இறங்கினபோதும் நிறுத்தாமல் சொன்னேன், நீ என் பக்கத்தில் நின்றாய், உன் முகம் கோணினதையும் பார்த்தேன். அழுகிறான், உறைத்துவிட்டது, போதும் என்று நினைத்து அதற்குப் பிறகு அந்த அடியைச் சொல்லவில்லை. நீ என்னடாவென்றால் பம்பாய்க்குப் போய் உட்கார்ந்து அதை வெட்டியிருக்கிறாய்.

புகார் எழுதிப் போட்டால் அந்தப் பாட்டை எடுத்துவிடுவார்கள், நான் எழுதித் தருகிறேன் என்றார் ஸ்டீபன் சார். வேண்டாம் என்றுவிட்டேன். பெத்த பிள்ளை மேல் புகார் எழுத எனக்குக் கை வராது, அதனால் உனக்கே எழுதுகிறேன். இரண்டில் ஒன்று செய். அந்த இரண்டு அடியை அது இருந்த இடத்தில் திரும்பப் போடு, வழிவழியாக வந்தது இல்லை, அர்த்தனாரிக்கு அவர் பெண்டாட்டி அழுதது என்று சொல். இல்லையென்றால் முழுசையும் எடுத்துவிடு. பாதி அழுகையை ஊரெல்லாம் போட்டு ஆட விடாதே. முழுசாகப் போட்டால் உன்னை நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும், பதில் சொல். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், போடு என்றுதான் சொல்வேன், சாமியாத்தாள் அத்தை திட்டினாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். போட்டால் நீ அதைக் கேட்டிருக்கிறாய் என்றாவது எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி காபி குடித்துக் கண் விழிக்கிறாய் என்று மருமகள் சொன்னாள், அதை விடு. பேத்திக்குத் தேன் ஒரு பாட்டிலும் மலைவாழை கொஞ்சமும் கலைச்செல்வி லாரி ஆபீசில் போட்டு அனுப்புகிறாள், வாழையைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள், கறுத்துப்போகும். நீயும் உன் குடும்பமும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் இது மட்டும் மனசாரச் சொல்கிறேன். ஐப்பசி பதினொன்று உங்கள் அப்பாவுக்குத் தலைவருஷத் திதி. எள்ளும் தண்ணீரும் நீதான் விட வேண்டும், வெள்ளிக்கிழமை கணக்குச் சொல்லாமல் முந்தின நாளே வந்துவிடு. அன்றைக்கு ஒரு தடவை அழுது முடித்துவிட்டால் அதற்குப் பிறகு நான் வாய் திறக்கக் கூடாது, நம் வழக்கம் அது. அந்த அடியை அன்றைக்கும் சொல்வேன். உன் எதிரில் உட்கார்ந்து சொல்வேன். நீ எழுந்து வெளியே போகாமல் உட்கார்ந்து கேள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அ. சென்னம்மாள்