உள்ளே போகாத வீடு

2006 பெப்ரவரி 8, புதன்

இன்று மாலை குளிருக்கு வின்ட்சர் நகரில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. அங்கே வாடகைக்கு இருக்கும் சாந்தி என்னைத்தான் போனில் அழைத்தாள். மட்டக்களப்புப் பிள்ளை. புருஷன் வேலைக்குப் போய்விட்டான், அவள் கைக்குழந்தையோடு தனியாக நின்றாள்.

"அண்ணன், தண்ணி அடிச்சுப் பாயுது. தண்ணியைப் பூட்டுற வால்வு எங்க இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து ஒன்பது மணித்தியாலப் பயணத் தூரத்தில், இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தபடி, படங்களை மட்டும் பார்த்து வாங்கிய முதல் வீடு அது. ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் அமர்த்திய ஆள் போனை எடுக்கவேயில்லை.

"கீழ பேஸ்மென்டில பாருங்கோ, தங்கச்சி" என்று ஊகித்துச் சொன்னேன்.

போனில் தண்ணீர்ச் சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டன.

"இந்த வீட்டில பேஸ்மென்ட் இல்லையே, அண்ணன்" என்றாள்.

பக்கத்தில் நின்ற என் மனைவி தலையை ஆட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஒரு மணித்தியாலம் கழித்துச் சாந்தி மறுபடி அழைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தண்ணீரைப் பூட்டிவிட்டாராம். வால்வு எங்கே இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.