சேகர் இறந்த மணல்திட்டு

ஆகஸ்ட் 2, சனி

புகைமூட்டம். எங்கள் கிளாங் ஊர் முழுக்க எரிந்த வாசனை. கிடங்கில் அரை நாள் வேலை. மதியம் காயாக் படகு இரண்டையும் கழுவினேன். பச்சை என்னுடையது. ஆரஞ்சு என் மீன்பிடிக் கூட்டாளி சேகருடையது, ஒரு வருடமாக என் வீட்டில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே பல்லி முட்டை.

நேற்று கலா போன் செய்தாள். சேகரின் மனைவி.

"அண்ணே, வர்ற பதினஞ்சோட அவர் போயி ஒரு வருஷம். அதுக்குள்ள அந்த எடத்தப் பாத்துடணும். ஒரு ராத்திரி அங்க தங்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

பிரேமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். "போயிட்டு வாங்க. என் முட்டிக்கு அந்தப் படகெல்லாம் ஆவாது." ஊர் ஏதாவது பேசுமே என்றேன். "ஊரு தண்ணிக்குள்ளல்லாம் வராது லா."

என் மனைவிக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கலாவுக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கலாவுக்குப் பயிற்சி. ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம், பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில். இரண்டு முறை கவிழ்ந்தாள். லைஃப் ஜாக்கெட் தூக்கி நிறுத்தியது. மூன்றாவது முறை நேராகப் போனாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. பாலர் பள்ளி ஆசிரியை, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொள்கிறாள்: "இடது, வலது, இடது, வலது."

கரையேறியதும்: "எத்தன தடவ கூப்பிட்டாரு தெரியுமாண்ணே. மீன் நாத்தம், நான் வரலன்னுட்டேன்."

கரையில் தண்ணீர் விற்கும் ஆன்டி, நான் யாரென்று விசாரித்தார். கலா என்னைக் காட்டினாள். "என் வீட்டுக்காரர் கடைசி மூச்சு விடுறப்ப கையப் புடிச்சிட்டு இருந்தவரு, ஆன்டி. கூடப் பொறக்காத அண்ணன்."

நான் காயாக் பட்டையை இறுக்கினேன். ஏற்கெனவே இறுகியிருந்தது.

கையைப் பிடிக்கவில்லை. சேகர் சாகும்போது நான் பக்கத்திலேயே இல்லை. இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாதது.

ஆகஸ்ட் 6, புதன்

ஓவர்டைம் இல்லை. சாமான் நிறுத்தேன், சமையலறைத் தராசில்.

கூடாரம் இரண்டு (ஒன்று 1.4 கி., சேகருடையது 1.1)
மேலே கட்டும் தார்ப்பாய்
சின்ன அடுப்பு, கேஸ் ஒன்று
தலைவிளக்கு 2, லைட்டர் 2 (ஒன்று பையில், ஒன்று சட்டைப்பையில்)
மேகி, மைலோ பொட்டலம், பிரேமா செய்த நெத்திலி சம்பல்
தூண்டில் ஒன்று போதும். செயற்கை இரை நான்கு.
விசில்
நெஞ்சுவலி மாத்திரை, ஆஸ்பிரின். போன வருடம் இது பட்டியலில் இல்லை.

சேகர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவன். எதிலும் துல்லியம். பல்துலக்கியின் பிடியைப் பாதியாக வெட்டியவன். ஆறு கிராம் மிச்சமாம். நான் சிரித்தேன். பிறகு நானும் வெட்டினேன். "பையத் தூக்கி வீட்ட ஒரு சுத்து வா. எது வேணாம்னு தோளு சொல்லும்" என்பான்.

இன்று ஒரு சுற்று வந்தேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போகாமலிருக்கச் சாக்கு தேடினேன். காற்று மாசு அளவு பார்த்தேன்: பரவாயில்லை. வானிலை: பரவாயில்லை. கலாவின் செய்தி: "ரெடி அண்ணே. தலையணை எடுத்துக்கலாமா? அவரோடது." எடைதான். எடுத்துக்கொள் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

மாலை 6.30. மணல்திட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடியும் நேரம் பிரிக்ஃபீல்ட்ஸில் கலாவை ஏற்றிக்கொண்டு செமினி வழியாக, மலைக்குப் பின்னால் உள்ள ஏரிக்கு. அக்கரை சேர ஒன்றரை மணி நேரம். ஏரிக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கு நடுவே கலா பயந்தாள், நிறுத்தவில்லை. தலையணை கறுப்புக் குப்பைப் பைக்குள், அவள் கால்களுக்கிடையில்.

இறங்கியதும் முதல் கேள்வி: "எந்த எடம்?"

காட்டினேன். சரியான இடத்தைத்தான் காட்டினேன். சாய்ந்த மரத்தடி. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அழவில்லை. தன் கூடாரத்தை அங்கேயே போடச் சொன்னாள். என்னுடையது முப்பதடி தள்ளி.

மாலையில் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு சின்ன தோமான் மாட்டியது, விரால் சாதி. "விட்டுடலாம்ணே, அதுக்கும் வீடு இருக்கும்." விட்டோம்.

நாளை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இங்கிருந்து கிளம்பினால் பிறகு எப்போதும் சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீடு. மாலை.

காலையில் கலா எனக்கு முன்பே எழுந்து கரையில் உட்கார்ந்திருந்தாள். தூங்கினாயா என்றேன். "நல்லா தூங்கினேன். ஒரு வருஷத்துல இதான் மொத தடவ." பிறகு: "அவரு கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே. இங்க வெச்சுக் கேக்கணும்."

'கலாவப் பாத்துக்கோ.' நான் இட்டுக்கட்டிய வார்த்தை. மருத்துவமனை வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது. கருமாதியில் எல்லாரிடமும் அவளே சொன்னாள். அதன்பின் திரும்ப எடுக்க முடியவில்லை.

"அவன் அப்படிச் சொல்லல, கலா."

திரும்பிப் பார்த்தாள்.

சொன்னேன். அன்று விடிந்தபோது சேகர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். 'ஒரு மாதிரியா இருக்குடா. வாயுவா இருக்கும். இரு, காப்பி குடிச்சிட்டுப் போலாம்' என்றான். மீன் எழும்பும் நேரம். நீ படு, நான் ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்று காயாக்கைத் தள்ளினேன். 'சீக்கிரம் வாடா, தண்ணி கொதிச்சிடும்' என்றான். அதுதான் கடைசி. திரும்பியபோது மரத்தில் சாய்ந்திருந்தான். உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. அடுப்பில் பாத்திரம் தீய்ந்து கறுத்திருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். கொஞ்சம் கூட."

"நீங்க பக்கத்துல இருந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியல, கலா. டாக்டரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு."

எழுந்தாள். கூடாரத்தைத் தானே பிரித்தாள்; கம்பிகள் பைக்குள் போகவில்லை. உதவப் போனேன். "வேணாம்." காயாக்கைத் தானே இழுத்தாள். எனக்கு முன்னால் போனாள், கோணல்மாணலாக, ஒரு தடவைகூடத் திரும்பாமல். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கித் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரேமாவிடமும் சொன்னேன். அவள்: "எங்கிட்டயுமா மறச்சீங்க?"

அவ்வளவுதான். சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வேலைக்கு லீவு. கலா வீட்டில் சேகரின் ஓராண்டு நினைவு. என்னை யாரும் கூப்பிடவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிரேமா உள்ளே போனாள். நான் தெருமுனையில் காருக்குள். சாம்பிராணி அங்குவரை வந்தது. சேகரின் தம்பி ஜன்னலைத் தட்டினான். "ஏண்ணே வெளியவே இருக்கீங்க? வாங்க சாப்ட." வயிறு சரியில்லை என்றேன். இன்னொரு பொய்.

கலா என்னைப் பற்றி எதுவும் பேசவில்லையாம். கேட்டவர்களுக்கு 'அவருக்கு ஒடம்பு சரியில்ல' என்றாளாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் மழை. புகை கலைந்தது. பத்தரைக்குக் கேட் சத்தம்.

கலா. ரயிலில் வந்தாளாம். பிரேமா டீ வைத்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் இருங்க."

பிறகு என்னிடம்: "ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க. அந்த ரெண்டு மணி நேரம் என்ன பண்ணீங்க? அத மட்டும் சொல்லல."

சொன்னேன். தூரத்துக் குடாவில் பெரிய தோமான் மாட்டியது. காயாக்கையே மரங்களுக்குள் இழுத்தது. அதோடு மல்லுக்கட்டியதில் நேரம் போனது. தூக்கியதும் போனை முன்னால் நிறுத்தி, டைமர் வைத்துப் படம் எடுத்தேன், சேகரிடம் காட்ட. பிறகும் உடனே திரும்பவில்லை. இன்னொன்று கிடைக்குமா என்று வீசிக்கொண்டிருந்தேன்.

"படம் இருக்கா?"

இருக்கிறது. ஏன் அழிக்கவில்லை என்று தெரியாது.

"காட்டுங்க."

போனைக் கொடுத்தேன். என் இரண்டு கையிலும் மீன், பின்னால் வெயில் ஏறிய தண்ணீர். படத்தின் மேல் நேரம், 8.12. விரலால் பெரிதாக்கினாள். மீனை அல்ல, என் முகத்தை.

"நல்லா சிரிச்சிருக்கீங்க."

பிரேமா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

கலா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு வருஷமா நான் வேற யாரோட சாவுக்கோ அழுதிருக்கேன். கையப் புடிச்சுக்க ஆளு இருந்த சாவுக்கு. இவரு தனியா செத்திருக்காரு. இவருக்கு இனிமேதான் மொதல்லேர்ந்து அழணும்."

கோபமாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சொல்வதுபோல் சொன்னாள். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அண்ணே என்று கூப்பிடவில்லை.

டீயைத் தொடவில்லை. பிரேமா குடையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம்வரை அவளோடு போனாள். நான் எழுந்து வாசலுக்குப் போகலாமா கூடாதா என்று தெரியாமல், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.